பழைய அடுக்குமாடி வீட்டை வாங்குமுன் கட்டட ஆய்வை நிபந்தனையாக்குவது எப்படி

சென்னையில் மறுவிற்பனைக்கு வரும் வீட்டை வாங்குகிறவர்கள், பத்திரங்களைப் பார்ப்பதில் காட்டும் கவனத்தில் பாதியைக்கூடக் கட்டடத்தைப் பார்ப்பதில் காட்டுவதில்லை. முப்பது ஆண்டுக்கு வில்லங்கச் சான்று எடுக்கிறோம். தாய்ப்பத்திரத்தை வழக்கறிஞரிடம் கொடுத்துக் கருத்துரை கேட்கிறோம். பட்டா, சொத்துவரி ரசீது, மின் இணைப்பு அட்டை எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டுமுறை சரிபார்க்கிறோம். அந்தப் பத்திரங்கள் குறிக்கும் கட்டடத்தின் தூணும் உத்திரமும் தளமும் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை மட்டும், தரகரோடு அரைமணி நேரம் சுற்றிவந்து, காற்றோட்டம் நன்றாக இருக்கிறது, தண்ணீர் வருகிறது என்ற அளவில் முடிவு செய்துவிடுகிறோம்.

அரசும் இதைக் கேட்பதில்லை. 15 ஆண்டு ஓடிய ஒரு ஸ்கூட்டரின் பதிவைப் புதுப்பிக்கவேண்டுமானால் அதை மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தவேண்டும். 35 ஆண்டு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி வீட்டை விற்க எந்தப் பொறியாளரின் கையெழுத்தும் தேவையில்லை. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 விழுக்காடு, பதிவுக்கட்டணம் 2 விழுக்காடு. 60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 5,40,000 ரூபாய் அரசுக்குப் போகிறது. அவ்வளவு செலுத்தியும், சார்பதிவாளர் அலுவலகத்தில் கைமாறுவது உரிமை மட்டுமே. வீட்டின் தரத்தைப் பற்றி அங்கே ஒரு வரியும் எழுதப்படுவதில்லை. விற்பனைக்கு முன் ஆய்வு கட்டாயம் என்று சட்டம் வரவேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அது வரும்வரை, வாங்குகிற ஒவ்வொருவரும் தம் ஒப்பந்தத்தில் அதைத் தாமே கட்டாயமாக்கிக்கொள்ள முடியும். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

சட்டம் எதுவரை துணை வரும்

1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவில், விற்பவருக்கு ஒரு கடமையை விதிக்கிறது. சொத்திலோ உரிமையிலோ முக்கியமான குறை ஒன்று இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்தும் வாங்குபவருக்குத் தெரியாமலும் இருந்து, வாங்குபவர் இயல்பான கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். இதன் மறுபக்கத்தையும் படித்துக்கொள்ளவேண்டும். கவனமாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் குறைக்கு விற்பவர் பொறுப்பில்லை. கார் நிறுத்துமிடத்து உத்திரத்தில் கம்பி வெளியே தெரிந்துகொண்டிருந்தது, நீங்கள் அண்ணாந்து பார்க்கவில்லை என்றால், பின்னால் வழக்குப் போட்டுப் பெரிதாக எதுவும் கிடைக்காது. தெரிந்தே மறைத்தார் என்று மெய்ப்பிக்கும் சுமையும் உங்கள் தலையில்தான் விழும். எனவே பணம் கைமாறுவதற்கு முன்னால் பார்ப்பது ஒன்றே பயனுள்ள பாதுகாப்பு.

மூன்று பொருள்களை மக்கள் ஆய்வுக்கு மாற்றாக நினைத்துக்கொள்கிறார்கள். முதலாவது, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) அனுமதி. திட்ட அனுமதியும் பணிநிறைவுச் சான்றும் கட்டடத்தின் உயரம், மாடிகளின் எண்ணிக்கை, பக்கவாட்டு இடைவெளி போன்றவை விதிப்படி இருக்கின்றனவா என்று பார்ப்பவை. கான்கிரீட்டின் வலிமையைச் சோதித்துத் தரப்படுபவை அல்ல. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் இடிந்து 61 பேரின் உயிரைக் குடித்த 11 மாடிக் கட்டடம் சி.எம்.டி.ஏ. அனுமதி பெற்றதுதான். இரண்டாவது, வங்கிக் கடன். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர், கொடுக்கும் கடனுக்குச் சொத்தின் விலை ஈடாகுமா, வரைபடத்தோடு கட்டடம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார். உங்கள் குளியலறைத் தளத்தின் கம்பியை அவர் பார்ப்பதில்லை, அது அவர் வேலையும் அல்ல. மூன்றாவது, புதுப் பெயிண்ட். விற்பனைக்கு முந்தைய மாதம் அடிக்கப்பட்ட பெயிண்டை அழகாகக் கருதாமல் கேள்வியாகக் கருதுங்கள்: எந்தச் சுவருக்கு, ஏன், இப்போது?

நிபந்தனையை எப்போது, எப்படி எழுதுவது

நம் ஊர் வழக்கத்தில் வீடு பிடித்துப்போனதும் டோக்கன் என்று ஒரு தொகை கொடுக்கப்படுகிறது. சில நாட்களில் விற்பனை ஒப்பந்தம் எழுதி, பெரிய முன்பணம் கொடுக்கப்படுகிறது. பிறகு கடன் கிடைத்ததும் கிரயம். தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவேண்டும் என்பதால், அதற்குப் பிறகு பின்வாங்குவது என்றால் ரத்துப் பத்திரம், செலவு, மனக்கசப்பு எல்லாம் உண்டு. ஆகவே ஆய்வுக்கு உரிய இடம் டோக்கனுக்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவில்தான். டோக்கனைச் சிறிய தொகையாக, காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ கொடுங்கள். அதோடு ஒரு பக்கக் கடிதம் ஒன்றை இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதன் சாரம் இப்படி அமையலாம்:

"மேற்படி வீட்டையும் அது அமைந்துள்ள கட்டடத்தின் மொட்டைமாடி, கார் நிறுத்துமிடம், தண்ணீர்த் தொட்டிகள் உள்ளிட்ட பொதுப் பகுதிகளையும், வாங்குபவர் தம் செலவில், தாம் தேர்ந்தெடுக்கும் கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு, இந்தத் தேதியிலிருந்து 21 நாட்களுக்குள் ஆய்வு செய்துகொள்ள விற்பவர் இசைகிறார். பொறியாளரின் எழுத்துமூலமான அறிக்கையில் கட்டமைப்பின் உறுதியைப் பாதிக்கும் குறை இருப்பதாகத் தெரியவந்தால், வாங்குபவர் விலகிக்கொள்ளலாம். அவ்வாறு விலகினால் டோக்கன் தொகை முழுவதையும் விற்பவர் 7 நாட்களுக்குள் திருப்பித் தருவார். பிற குறைகளுக்கான பழுதுபார்ப்புச் செலவை விலையில் கழித்துக்கொள்வதா, கிரயத்துக்கு முன் விற்பவரே சரிசெய்து தருவதா என்பதை இருவரும் பேசி விற்பனை ஒப்பந்தத்தில் எழுதுவர்."

இதை உங்கள் வழக்கறிஞர் தம் நடைக்கு மாற்றிக்கொள்ளட்டும். ஆனால் மூன்று அம்சங்கள் விடுபடக்கூடாது. பொறியாளரைத் தேர்ந்தெடுப்பது வாங்குபவர் என்பது ஒன்று. பொதுப் பகுதிகளும் ஆய்வில் அடங்கும் என்பது இரண்டு. விலகினால் பணம் திரும்பும் என்பது மூன்று. இவற்றில் இரண்டாவதை வலியுறுத்திச் சொல்கிறேன். அடுக்குமாடியில் நீங்கள் வாங்குவது நான்கு சுவருக்குள் இருக்கும் வீட்டை மட்டும் அல்ல. மனையில் பிரிக்கப்படாத பங்கையும், அந்த வீட்டைத் தாங்கி நிற்கும் அத்தனை தூண்களின் நலத்தையும் சேர்த்து வாங்குகிறீர்கள்.

"இவ்வளவு சந்தேகப்படுகிறவருக்கு நான் விற்க விரும்பவில்லை" என்று சில உரிமையாளர்கள் சொல்வார்கள். கோபப்படவேண்டாம். ஆய்வுச் செலவு உங்களுடையது, நாள் கணக்கு தெளிவானது, அறிக்கையின் படி ஒன்று அவருக்கும் கிடைக்கும் என்று பொறுமையாக விளக்குங்கள். நல்ல நிலையில் உள்ள வீட்டின் உரிமையாளருக்கு அந்த அறிக்கை விலையை நிலைநிறுத்தும் ஆவணம். அதன் பிறகும் ஒருவர் மறுத்தால், ஏன் மறுக்கிறார் என்பதற்கான விடை பெரும்பாலும் அந்தக் கட்டடத்திலேயே இருக்கும். வேறு வீடு பாருங்கள்.

யாரை அழைப்பது

சென்னையில் வீட்டு ஆய்வு என்பது இன்னும் தனித் தொழிலாக வேரூன்றவில்லை. புது வீட்டில் டைல்ஸ் சமமாக இருக்கிறதா, கதவு சரியாக மூடுகிறதா என்று பார்த்துத் தரும் நிறுவனங்கள் வந்திருக்கின்றன. அவை புது வீட்டுக்குப் பயன்படும். 20, 30 ஆண்டு பழைய கட்டடத்துக்கு வேண்டியவர் கட்டமைப்புப் பொறியாளர்: சி.எம்.டி.ஏ.விலோ மாநகராட்சியிலோ கட்டமைப்புப் பொறியாளராகப் பதிவு பெற்றவர், பழைய கட்டடங்களின் பழுதுபார்ப்பில் அனுபவம் உள்ளவர். தரகர் பரிந்துரைக்கும் ஆளையும், அந்தக் கட்டடத்தின் பழுதுபார்ப்பு ஒப்பந்தத்தை எதிர்பார்க்கும் ஆளையும் தவிர்க்கவேண்டும். முன்னவர் விற்பனை நடக்கவேண்டும் என்றும், பின்னவர் குறை பெரிதாகத் தெரியவேண்டும் என்றும் விரும்பக்கூடியவர்கள். கட்டணத்தை முன்பே பேசி, வீட்டை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அதே தொகை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வாய்மொழியாக "ஒன்றும் பயமில்லை சார், தாராளமா வாங்கலாம்" என்று சொல்வது அறிக்கை ஆகாது. புகைப்படங்களோடு, ஒவ்வொரு குறைக்கும் இடம், காரணம், செய்யவேண்டிய வேலை ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கையெழுத்திட்ட அறிக்கை வேண்டும்.

ஆய்வு நாள்

காலை வெளிச்சத்தில் வையுங்கள். நீங்களும் உடன் இருங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்த டிசம்பர், ஜனவரி மாதங்களே மிகச் சிறந்த காலம், ஏனெனில் ஒழுகும் கூரை அப்போது பொய் சொல்லாது. கோடையில் வாங்குகிறவர்கள் செயற்கையாக நீர் தேக்கிப் பார்க்கவேண்டியிருக்கும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆய்வை வீட்டுக்குள் தொடங்காமல் கீழே கார் நிறுத்துமிடத்தில் தொடங்குங்கள். அங்கே யாரும் பெயிண்ட் அடித்து மறைப்பதில்லை என்பதால் கட்டடத்தின் உண்மை நிலை அங்கே வெளிப்படையாகத் தெரியும். தூண்களின் அடிப்பகுதியையும், சம்ப் தொட்டிக்குப் பக்கத்துத் தூண்களையும், குளியலறைகளுக்கு நேர்கீழே வரும் தளத்தையும் உத்திரத்தையும் முதலில் பாருங்கள். உத்திரத்தின் அடியில் கம்பி ஓடும் திசையிலேயே நீளவாக்கில் ஒரு விரிசல் ஓடினால் அது அலட்சியப்படுத்தக்கூடாத அறிகுறி. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும்போது, துருவின் பருமன் இரும்பின் பருமனைப்போல் பல மடங்காகிறது. அந்த உப்பலைத் தாங்கமுடியாமல் மேலே மூடியிருக்கும் கான்கிரீட் விரிந்து, முதலில் மயிரிழை விரிசலாகவும், பிறகு பழுப்புக் கறையாகவும், கடைசியில் பெயர்ந்து விழும் கட்டியாகவும் தெரிகிறது. ஒரு சிறிய சுத்தியலின் பின்புறத்தால் உத்திரத்தை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல பகுதியில் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிரிந்துவிட்ட பகுதியில் பொத்தென்று ஓசை மாறும். ஓசை மாறும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக்கொண்டே போகச் சொல்லுங்கள். ஆய்வு முடியும்போது அந்த வட்டங்கள் எங்கே கூடியிருக்கின்றன என்று பார்த்தாலே நீர் எந்த வழியாகக் கசிகிறது என்பது விளங்கிவிடும். பெரும்பாலும் அவை கழிவுநீர்க் குழாய் இறங்கும் டக்டை ஒட்டித்தான் இருக்கும்.

அந்த டக்டுக்குள் கட்டாயம் எட்டிப் பாருங்கள். இரண்டு குளியலறைகளுக்கு நடுவில் குழாய்கள் இறங்கும் அந்த ஒடுங்கிய சந்து, அடுக்குமாடிகளில் யாருடைய பொறுப்பும் இல்லாத இடம். குழாய் இணைப்புகளில் கசிவு, பாசி, சுவர் இடுக்கில் வேர்விட்ட அரசங்கன்று இவை இருந்தால், அந்தச் சுவரும் அதை ஒட்டிய தூணும் ஆண்டுக்கணக்கில் ஈரத்திலேயே நிற்கின்றன என்று பொருள். கன்றை வெட்டினால் போதாது. வேர் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பதைப் பொறியாளர் எழுதவேண்டும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை, திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் இந்தத் துருவின் வேகம் அதிகம். உப்புக்காற்று ஒரு காரணம். கான்கிரீட் கலக்கவே உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தியிருந்தால் அது இன்னும் மோசமான காரணம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 456 கூறுகிறது, கட்டும் காலத்தில் அதை யார் சோதித்தார்கள் என்பது இன்று யாருக்கும் தெரியாது. ஆகவே கடலோரக் கட்டடத்தில் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தாமல் கருவிச் சோதனைகளையும் கேளுங்கள். ரீபவுண்ட் ஹேமர் மேற்பரப்பின் கடினத்தைக் காட்டும். அல்ட்ராசானிக் துடிப்புச் சோதனை உள்ளே வெற்றிடமோ பிளவோ இருக்கிறதா என்று காட்டும். ஐயம் மிகுந்தால் சிறு உருளையாகக் கான்கிரீட்டை வெட்டியெடுத்து ஆய்வகத்தில் நசுக்கிப் பார்ப்பதும், குளோரைடு அளவைப் பார்ப்பதும் உண்டு. பொதுத் தூண்களில் துளையிடும் சோதனைகளுக்குக் குடியிருப்போர் சங்கத்தின் எழுத்துமூல இசைவு வேண்டும். அதை விற்பவர் வழியாகக் கேளுங்கள்.

செலவு குறைவாகவும் தெளிவாகவும் இருக்கும் சோதனை ஒன்று உண்டு. உத்திரத்தில் ஒரு சிறு பகுதியைப் புதிதாகச் சில்லு பெயர்த்து, தூசியைத் துடைத்து, உடனே ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளிக்கிறார்கள். நலமாக உள்ள கான்கிரீட் காரத்தன்மை உடையது. தெளித்த உடனே அடர்ந்த ரோஜா நிறமாக மாறிவிடும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு புகுந்து காரத்தன்மையை இழந்த பகுதி நிறம் மாறாமல் சாம்பலாகவே நிற்கும். மேற்பரப்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வரை சாம்பல், எங்கே ரோஜா தொடங்குகிறது என்று அளவுகோலை வைத்து அளந்துவிடலாம். கம்பி 20 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்க, சாம்பல் பகுதி 25 மில்லிமீட்டர் வரை போயிருந்தால், துருவைத் தடுத்துவந்த கவசம் அங்கே போய்விட்டது என்று அர்த்தம். வெளியே இன்னும் ஒரு விரிசலும் தெரியாவிட்டாலும், ஈரம் பட்டால் துரு தொடங்கிவிடும். இந்தச் சோதனையின்போது பக்கத்தில் நின்று நீங்களே பாருங்கள். அறிக்கையின் பத்துப் பக்கம் சொல்லாததை அந்த நிறக்கோடு சொல்லும்.

அடுத்து மொட்டைமாடி. தட்டோடுகள் பெயர்ந்திருக்கின்றனவா, அவற்றின் இடுக்கில் புல் முளைத்திருக்கிறதா, மழைநீர் வடியும் வாய்களை நோக்கிச் சாய்வு இருக்கிறதா, மேல்நிலைத் தொட்டியின் அடித்தளத்தில் கசிவுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். மேல்மாடி வீட்டை வாங்குகிறீர்கள் என்றால், வடிகால் வாய்களை அடைத்து, ஒரு பகுதியில் 24 மணிமுதல் 48 மணிநேரம் வரை நீர் தேக்கிவைத்து, கீழே உட்கூரையில் ஓதம் ஊறுகிறதா என்று சோதிக்கலாம். தொட்டி நிறைய நீரைச் செலவழிப்பதால் சங்கத்திடம் முன்பே சொல்லிவிடவேண்டும். மாடிகளின் எண்ணிக்கையையும் அங்கேயே நின்று எண்ணி அனுமதி வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டு மாடிக்குப் போட்ட அடித்தளத்தின் மேல் பிற்பாடு மூன்றாவதை எழுப்பியிருந்தால், அது விதிமீறல் என்பதோடு நிற்காது. அந்தக் கூடுதல் எடை ஒவ்வொரு தூணிலும் இறங்கிக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்குள் விரிசல்களைக் கண்டு எல்லாவற்றுக்கும் அஞ்சவேண்டியதில்லை. செங்கல் சுவரும் கான்கிரீட் தூணும் சேரும் இடத்தில் நேர்கோடாக வரும் மெல்லிய விரிசல், இரண்டு பொருள்கள் வெயிலில் வெவ்வேறு அளவில் விரிவதால் வருவது. வலை பதித்துப் பூசினால் சரியாகும். மேல்மாடியில் கூரைக்குச் சற்றுக் கீழே படுக்கைவாக்கில் ஓடுவதும் பெரும்பாலும் வெயிலின் விளைவே. சன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுபோல் சரிவாக இறங்கி, ஒரு முனையில் அகன்று மறுமுனையில் குறுகும் விரிசல் வேறு வகை. அடித்தளத்தின் ஒரு பக்கம் இறங்குவதன் அடையாளமாக இருக்கலாம். மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் களிமண் நிலத்தில் கட்டிய வீடுகளில் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்கவேண்டும். அது இன்னும் வளர்கிறதா என்று அறிய, விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வைப்பார்கள். சில வாரங்களில் கண்ணாடி உடைந்தால் அசைவு நிற்கவில்லை. கடிதத்தில் 21 நாள் கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

விரிசலை மதித்தவர்கள் உயிர்பிழைத்ததை நாம் பார்த்திருக்கிறோம். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பின் ஒரு கட்டடம் 24 வீடுகளோடு சரிந்தது. விரிசலைக் கண்டு குடியிருந்தவர்கள் முன்னதாகவே வெளியேறிவிட்டதால் ஓர் உயிரும் போகவில்லை.

குளியலறைகளை நீங்கள் வாங்கும் வீட்டில் பார்ப்பதைவிடக் கீழ்வீட்டில் பார்ப்பதே சரி. கீழ்வீட்டாரிடம் மரியாதையாகக் கேட்டு, அவர்கள் குளியலறைக் கூரையைப் பாருங்கள். அங்கே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், மேலே தாழ்த்திப் போட்ட தளத்தின் நீர்காப்பு போய்விட்டது. அதைச் சரிசெய்வதென்றால் டைல்ஸ் அனைத்தையும் உடைத்து, நிரப்பியதை அள்ளி, குழாய்களை மாற்றி, நீர்காப்புப் பூசி மீண்டும் கட்டவேண்டும். அந்தச் செலவும், கீழ்வீட்டாரோடு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் சண்டையும் வீட்டோடு சேர்ந்து உங்களுக்கு வரும். அதே வீட்டாரிடமும் காவலாளியிடமும் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். மின்மீட்டர் பலகை அந்த மட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள்.

மற்றவற்றை விரைவாக முடிக்கலாம். மின்பலகையில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத்துண்டிப்பான் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா, எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று ஓர் எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிடுங்கள். கதவு நிலைகளின் அடியிலும் பரணின் மரப்பலகைகளிலும் கரையான் மண்தடம் தேடுங்கள். போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்து ஆய்வகத்தில் கொடுங்கள். கழிவுநீர் குடிநீர் வாரிய இணைப்பில் போகிறதா, செப்டிக் தொட்டியில் போகிறதா என்று மூடியைத் திறந்து பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். லிஃப்ட் இருந்தால் அதன் உரிமம் புதுப்பிக்கப்பட்டிருக்கவேண்டும்.

அறிக்கை வந்த பிறகு

பொறியாளரிடம் ஒரே ஒரு கேள்வியை நேராகக் கேளுங்கள்: குறை இந்த வீட்டுக்குள் அடங்கியதா, கட்டடம் முழுவதற்குமானதா? வீட்டுக்குள் அடங்கிய குறை, எவ்வளவு பெரிதானாலும், பணத்தால் தீரும். குளியலறை நீர்காப்பு, பால்கனித் தளத்தின் பெயர்ந்த கான்கிரீட், மின்கம்பிகள் முதலியவற்றுக்கு இரண்டு ஒப்பந்தக்காரர்களிடம் விலைப்புள்ளி வாங்கி, அந்தத் தொகையை விலையிலிருந்து கழிக்கக் கேளுங்கள். விற்பவரே சரிசெய்து தருவதாகச் சொன்னால், அதைவிட விலைக்கழிவே மேல் என்பது என் எண்ணம். விற்றுவிட்டுப் போகிறவர் பூசி மறைப்பதோடு நிறுத்திவிட வாய்ப்புண்டு. அவரே செய்வதென்று முடிவானால், துருவைச் சுரண்டிய நிலையிலும், பூசி முடித்த பிறகும் உங்கள் பொறியாளர் வந்து பார்ப்பார் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

கட்டடம் முழுவதற்குமான குறை வேறு கணக்கு. தூண்களில் பரவலாகத் துரு, காரத்தன்மை இழந்த கான்கிரீட், இறங்கும் அடித்தளம் இவற்றை நீங்கள் ஒருவராகச் சரிசெய்ய முடியாது. மற்ற உரிமையாளர்கள் எல்லாரும் சேர்ந்து பணம் போடவேண்டும். சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டையும் கணக்கையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். பழுதுபார்ப்புக்கு முன்பே பணம் திரட்டி வேலை தொடங்கியிருந்தால் அது பொறுப்பான கட்டடம். மூன்று ஆண்டாக அதே தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டிருந்தால் விலகிவிடுங்கள், விலை எவ்வளவு குறைத்தாலும் சரி.

புது வீடாகவோ ஐந்தாண்டுக்கு உட்பட்ட வீடாகவோ இருந்தால் கூடுதல் பாதுகாப்பு ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிவிக்கப்பட்டால், கட்டியவர் 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தரவேண்டும் என்கிறது. தவறினால் இழப்பீடு கோரலாம். அத்தகைய வீட்டை மறுவிற்பனையில் வாங்குகிறவர், ஒப்படைப்புக் கடிதத்தின் தேதியைப் பார்த்து மீதமுள்ள காலத்தைக் கணக்கிட்டுக்கொள்ளவேண்டும். நான்காம் ஆண்டின் இறுதியில் வாங்கினால், ஆய்வறிக்கையை இணைத்து எழுத்துமூலப் புகாரை உடனே அனுப்புங்கள்.

ஒருவரின் நிபந்தனையை எல்லாருக்குமான விதியாக்குவது

இவ்வளவையும் தனி ஒருவர் செய்யமுடியும் என்றாலும், எல்லாராலும் முடியாது. ஆய்வுக்குப் பணம் ஒதுக்கமுடியாதவர்தான் மோசமான கட்டடத்தில் மாட்டிக்கொள்கிறார்; ஆய்வுக்கு இடமில்லாத சந்தையில் தரமற்ற வீட்டுக்கும் நல்ல வீட்டுக்கும் ஒரே விலைதான் கிடைக்கிறது. ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பர் முதல், வீட்டை விற்பனைக்கு வைக்கிறவரே தகுதிபெற்ற ஆய்வாளரின் அறிக்கையை எடுத்து வைத்திருக்கவேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. பார்க்க வருகிற பத்துப் பேரும் ஆளுக்கொரு ஆய்வுக்குச் செலவழிக்காமல், விற்பவர் ஒருமுறை செலவழித்த அறிக்கையை எல்லாரும் படிக்கிறார்கள். மும்பையில் 30 ஆண்டைக் கடந்த கட்டடங்களுக்கு மாநகராட்சிச் சட்டமே கட்டமைப்பு உறுதிச் சான்றைக் கேட்கிறது; மகாராஷ்டிரத்தின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களுக்கான மாதிரி விதிகள், 15 முதல் 30 ஆண்டு வயதுடைய கட்டடங்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் அதற்கு மேற்பட்டவற்றை மூன்றாண்டுக்கு ஒருமுறையும் ஆய்வு செய்யச் சொல்கின்றன. கடலும் உப்புக்காற்றும் மும்பைக்கு மட்டும் உரியவை அல்ல. சென்னைக்கு அப்படி ஒரு விதி வேண்டாம் என்பதற்கு ஒரு நல்ல காரணத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

சட்டம் வரும்வரை காத்திராமல் உங்கள் கட்டடத்துச் சங்கம் இதைத் தொடங்கலாம். ஆண்டுப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை பொதுச்செலவில் கட்டடம் முழுவதற்கும் கட்டமைப்பு ஆய்வு செய்யப்படும். அதற்காக மாதப் பராமரிப்புத் தொகையில் ஒரு சிறு பங்கு தனிக்கணக்கில் சேர்க்கப்படும். எந்த வீடு விற்பனைக்கு வந்தாலும், சங்கம் வழங்கும் தடையின்மைச் சான்றோடு கடைசி ஆய்வறிக்கையின் படியும் வாங்குபவரிடம் கொடுக்கப்படும். வாங்குபவரின் பொறியாளர் பொதுப் பகுதிகளைப் பார்வையிட மூன்று நாட்களுக்குள் இசைவு தரப்படும். விலை குறைந்துவிடும் என்று சில உறுப்பினர்கள் எதிர்ப்பார்கள். ஆய்வறிக்கையில் உள்ள குறை ஏற்கெனவே அவர்கள் தலைக்குமேல் இருக்கிறது என்பதையும், அடுத்த ஐந்தாண்டில் அதைச் சரிசெய்யும் செலவு இன்றைய செலவைவிட அதிகமாகவே இருக்கும் என்பதையும், பொதுக்குழுவுக்குப் பொறியாளரையே அழைத்துவந்து சொல்லச் சொல்லுங்கள். தீர்மானம் நிறைவேறியதும் அதன் படியைச் சுற்றிலும் உள்ள சங்கங்களுக்கும், உங்கள் வார்டு மாமன்ற உறுப்பினருக்கும், சட்டமன்ற உறுப்பினருக்கும், விற்பனைப் பதிவோடு ஆய்வறிக்கையை இணைப்பதைக் கட்டாயமாக்கவேண்டும் என்ற ஒருபக்க மனுவோடு சேர்த்து அனுப்புங்கள்.